மஞ்சள் ஒட்டுக்கு அடியில்

கடை திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. பேரங்காடியின் பின்பக்கச் சரக்கறையில், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையின் மேல் உட்கார்ந்து அவள் ஒட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். காலாவதித் தேதி நெருங்கிவிட்ட சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதற்கான மஞ்சள் ஒட்டு அது. இடது கை பொட்டலத்தைப் புரட்டும். வலது கை ஒட்டுக் கருவியை வைத்து ஒரு அழுத்து அழுத்தும். 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த பொட்டலம். ஒன்பது வருடப் பழக்கத்தில் கண் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்த பாடம் மூன்றே வரி. "முன்பக்கப் படம் மறையக் கூடாது. கம்பெனி பேரு மறையக் கூடாது. பில் போடுற கோடு மறையக் கூடாது. மிச்ச இடத்துல எங்க வேணா ஒட்டிக்கோங்க." மிச்ச இடம் என்று பார்த்தால் எந்தப் பொட்டலத்திலும் ஒரே இடம்தான் இருந்தது. பின்பக்கம், கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஒரு கட்டம். மஞ்சள் ஒட்டு அந்தக் கட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். கோணாமல், சுருங்காமல், நான்கு மூலையும் கட்டத்தின் நான்கு மூலையில் உட்கார ஒட்டுவதில் அவளை மிஞ்ச அந்தக் கடையில் ஆள் இல்லை. புதிதாகச் சேரும் பெண்களை அவளிடம்தான் அனுப்புவார்கள். கடையில் அவள் பெயர் 'மஞ்சள் அக்கா'.

கடைசித் தேதிக்கு முந்தின நாள்வரை விற்காமல் நின்றுபோனதை வேலையாட்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். பலர் எடுப்பதில்லை. அவள் எடுப்பாள். உணவை வீணாக்க மனம் வராதவள். மாலையில் அவள் பையில் சூப் கோப்பைகள், வெந்நீர் ஊற்றினால் வெந்துவிடும் நூடுல்ஸ் கோப்பைகள், உப்பு பிஸ்கட், வறுவல் பொட்டலங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கும்.

அவள் கணவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். இருபத்தாறு வருடமாக அடுத்தவர் எழுதியதில் பிழை பிடிப்பதே பிழைப்பு. மற்ற பிழைகளையாவது சிரித்துக்கொண்டு திருத்துவார். ஒற்றெழுத்து விடுபட்டிருந்தால் மட்டும் அவருக்குத் தாங்காது. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்கு மேல் இன்னொரு வட்டம் போடுவார். அச்சகத்தில் அவரை 'ஒற்று சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமை.

"நான் ஒற்று, நீ ஒட்டு. நம்ம ரெண்டு பேருக்கும் எப்படிம்மா பொருத்தம் பார்த்தாங்க?" என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார்.

"ரெண்டே ரெண்டு எழுத்துதானேங்க வித்தியாசம். அனுசரிச்சுப் போகலாம்னு விட்டிருப்பாங்க" என்பாள் அவள்.

ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்ட வீடு. சாப்பாட்டு மேசையில் இரண்டே நாற்காலி. பேச்சுக்குக் குறைவில்லை. அவள் கொண்டுவந்த பொட்டலங்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு அவர் அதிலும் பிழை பார்ப்பார். அது அவர்கள் வீட்டு விளையாட்டு. "இங்க பாரு, 'ஆரோக்கியச் சுவை'யில ச்-ஐ முழுங்கிட்டான். இவன் எப்படி ஆரோக்கியத்தைக் கொடுப்பான்?" என்று சிரிப்பார். சிரித்துவிட்டு அதையே பிரித்துச் சாப்பிடுவார்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அச்சகத்தில் எல்லாருக்கும் பரிசோதனை நடந்தபோது அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பதாகச் சொன்னார்கள். தினம் ஒரு மாத்திரை. "சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள்" என்று சீட்டில் எழுதியும் கொடுத்தார்கள். அவர் அதையும் மெய்ப்புப் பார்ப்பதுபோல இரண்டு தடவை வாசித்துவிட்டு அவளிடம் கொடுத்தார்.

அவள் செய்வதை அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. அன்று மாலையே உப்பு டப்பாவை மேசையிலிருந்து எடுத்து, நாற்காலி போட்டு ஏறி, சமையலறை அலமாரியின் உச்சித் தட்டில் வைத்துவிட்டாள். சமையலில் பேருக்கு ஒரு சிட்டிகை. நாலாம் நாள் அவர் தட்டைப் பார்த்து, "இதுக்கு என்ன பேரும்மா? சாப்பாடா, தண்டனையா?" என்றார்.

"ரெண்டும்தான். பேசாம சாப்பிடுங்க."

வாய்க்கு விளங்காத சாப்பாடு வயிற்றுக்குள் பாதிதான் போயிற்று. மீதிப் பசிக்கு அவள் கொண்டுவந்த கோப்பைகள் இருந்தன. அச்சகத்தில் பதினொரு மணிக்கு ஒரு சூப். மதியம் டப்பாவைத் திறக்க மனமில்லாவிட்டால் நூடுல்ஸ். நான்கு மணிக்கு மறுபடி ஒரு சூப். சாயங்காலம் பிஸ்கட், வறுவல். சூப் கோப்பையின் முன்பக்கம் பச்சைக் காய்கறிகளின் படமும், 'கொழுப்பு இல்லை, நிறமூட்டி இல்லை' என்ற கொட்டை எழுத்தும் இருந்தன. இல்லை இல்லை என்று இத்தனை சொல்கிறானே, இதைவிட நல்ல பொருள் எங்கே கிடைக்கும் என்று அவள் நினைத்தாள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

ஒரே ஒரு நாள், கோப்பையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், மஞ்சள் ஒட்டின் மேல் விரலை வைத்து, "இதுக்கு அடியில என்னம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க. சும்மா பொடி எழுத்துதான்" என்றாள் அவள்.

பொடி எழுத்தில்தான் அவருடைய வாழ்க்கையே ஓடியது. ஆனாலும் அன்று அவர் விட்டுவிட்டார். அவள் கையால் ஒட்டியது. அதைப் பிய்த்துப் பார்ப்பது ஏதோ அவளைச் சந்தேகப்படுவது போல அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க அதற்குப் பிறகு அவர் போகவே இல்லை. "உப்பைத்தான் நிறுத்திட்டோமே, இனி என்னத்தை அளக்கிறது?" என்றார். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பிழை முதலில் அச்சகத்தில் வெளிப்பட்டது. பள்ளிப் பாடநூல் ஒன்றில், ஒரே வரி இரண்டு தடவை அச்சாகி, மூவாயிரம் படிகள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்விட்டன. மெய்ப்பில் அவர் கையெழுத்து இருந்தது. முதலாளி கோபிக்கவில்லை. "ஒற்று சாருக்கே இப்படின்னா, எனக்கு யாரைத் திட்டுறதுன்னு தெரியலை" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அடுத்த வாரம் தாளைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். அதற்கடுத்த வாரம் மூக்கருகே கொண்டுவந்தார். எழுத்துகள் ஈரத்தாளில் மை ஊறியதுபோலப் பரவி நின்றன.

கண்ணாடி மாற்றப் போனார். கண்ணாடிக் கடைக்காரர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, பெட்டியை மூடினார். "என்கிட்ட இருக்கிற எந்தக் கண்ணாடியும் உங்களுக்கு உதவாது சார். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க."

ஆஸ்பத்திரியில் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்த செவிலி, அளவைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை அடித்தாள். பிறகு போய் டாக்டரை அழைத்துவந்தாள். இருநூற்றுப் பத்து. அப்போதே படுக்க வைத்துவிட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள், கண்ணைப் படம் பிடித்தார்கள். மறுநாள் காலை டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்து பேசினால் நல்ல செய்தி இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற சின்னச் சின்ன ரத்தக் குழாயெல்லாம் அழுத்தம் தாங்காம கசிஞ்சிருக்கு. சிறுநீரகமும் மூணுல ஒரு பங்குகூட வேலை செய்யல. இது ஒரு நாள்ல வந்ததில்ல. மாத்திரையெல்லாம் சாப்பிட்டீங்களா?"

"ஒரு நாள்கூட விட்டதில்ல டாக்டர்."

"நடுவுல அளந்து பாத்தீங்களா?"

அவர் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"சரி. சாப்பாட்டுல உப்பு?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. எழுந்து உட்காரவே முயன்றார். "உப்புங்கிற பேச்சே கிடையாது டாக்டர். ரெண்டு வருஷமா டப்பா அலமாரி உச்சியில உக்காந்திருக்கு. நாங்களும் கூப்பிடல, அதுவும் இறங்கி வரல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அப்ப வேற வழியா வருது. வீட்டுல இருக்கிற பாக்கெட், கோப்பை, பாட்டில் எல்லாத்தையும் நாளைக்குக் கொண்டுவாங்கம்மா. பிரிச்சது, பிரிக்காதது, ஒண்ணும் விடாம."

அவள் ஒரு பெரிய பை நிறையக் கொண்டுபோனாள். போகும்போது அவளுக்குள் ஒரு நம்பிக்கைகூட இருந்தது: கொழுப்பு இல்லை என்று அத்தனையிலும் எழுதியிருக்கிறதே, டாக்டர் பார்த்தால் இதில் குற்றமில்லை என்று சொல்லிவிடுவார். கட்டிலோரச் சின்ன மேசையில் அவற்றை அடுக்கினாள். கை பழக்கம் விடவில்லை. எல்லாப் படமும் முன்னால் பார்க்க, பெயர்கள் ஒரே நேராக நிற்க, அலமாரியில் அடுக்குவது போலவே அடுக்கினாள்.

டாக்டரம்மா வந்தார். ஒவ்வொன்றையும் பின்பக்கமாகத் திருப்பி வைத்தார். பதினான்கு மஞ்சள் ஒட்டுகள் வரிசையாக நின்றன.

"என்ன இது, எல்லாத்துலயும் சரியா இந்த இடத்துலயே ஒட்டியிருக்கு? படிக்க வேண்டிய இடம் இதுதானே. யாரு இப்படி ஒட்டுனது?"

அவள் காலிப் பையை நான்காக மடித்தாள்.

"நான்தாங்க" என்றாள் அவள்.

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒரு சூப் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "பிய்ச்சுப் பாருங்க."

ஒன்பது வருடத்தில் அவள் ஒட்டியிருக்கிறாள், ஒரு தடவையும் பிய்த்ததில்லை. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினாள். நன்றாக ஒட்டியிருந்தது. அவள் வேலை சுத்தம். இழுத்ததும் பாதி கிழிந்து பாதி நின்றது. மீதியை எச்சில் தொட்டுத் தேய்த்து எடுத்தாள். அடியில் கட்டம் தெரிந்தது.

கணவர் கையை நீட்டினார். கோப்பையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். தலையைச் சாய்த்தார். பிறகு மெல்ல அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தெரியலம்மா. நீ வாசி."

கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் அவர் அவளை வாசிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டில் எது வந்தாலும் வாசிப்பவர் அவர், கேட்பவள் அவள். அவள் எழுத்துக்கூட்டினாள். "சோ...டியம். ஆயிரத்து அறுநூத்தி இருபது மில்லிகிராம்."

"சோடியமா? உப்புன்னு இல்லையா?" என்றார் அவர்.

"உப்போட இன்னொரு பேருன்னு வெச்சுக்கோங்க" என்றார் டாக்டரம்மா. "ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ரெண்டாயிரத்தைத் தாண்டக் கூடாது. இந்த ஒரு கோப்பையே ஆயிரத்து அறுநூறு. சூப்பு ரெண்டு, பிஸ்கட்டு, வறுவல் எல்லாம் கூட்டினா, உங்க வீட்டு அடுப்புல உப்பே போடாட்டியும் நீங்க ரெண்டு நாள் உப்பை ஒரே நாள்ல சாப்பிட்டிருக்கீங்க. வேற காரணமும் இருக்கலாம். அளந்து பாக்காம விட்டது பெரிய தப்பு. ஆனா இது, எரியிற நெருப்புல தினமும் எண்ணெய் ஊத்தின மாதிரி."

டாக்டரம்மா போனார். அவள் ஒவ்வொரு கோப்பையாக எடுத்துப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். மடியெல்லாம் மஞ்சள் கிழிசல்கள். விரல்களில் பசை.

"விடும்மா" என்றார் அவர்.

"அன்னைக்கே கேட்டீங்க. அடியில என்னன்னு கேட்டீங்க. சும்மா பொடி எழுத்துன்னு சொன்னேனே."

"நீ ஒட்டினது அவங்க சொன்ன இடத்துல. நான்தான் பிய்ச்சுப் பாத்திருக்கணும். முன்பக்கம் ஒற்று விட்டுப்போச்சுன்னு கண்டுபிடிச்சவன், பின்பக்கம் ஒரு கட்டமே விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கல." சிரிக்கப் பார்த்தார். "புரூஃப்ல நான் விட்ட பெரிய பிழை இதுதான்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பசையில் இரண்டு கையும் ஒட்டிக்கொண்டன.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், அவள் அதே கூடையின் மேல் உட்கார்ந்தாள். முதல் கோப்பையை எடுத்துப் புரட்டினாள். கருவியைக் கட்டத்தின் மேல் வைத்த கை அப்படியே நின்றது. கோப்பையைத் திருப்பி, முன்பக்கம், அழகான பச்சைக் காய்கறிகளின் மேல் ஒட்டை வைத்து அழுத்தினாள். 'டக்'.

ஒரு மணி நேரம் கழித்து சூப்பர்வைசர் வந்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். கெட்டவர் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு நேரமில்லாமல் நின்றபடியே ஒரு நூடுல்ஸ் கோப்பையைக் காலி செய்துவிட்டு ஓடுகிற மனிதர்.

"என்ன மஞ்சள் அக்கா, லீவுல ஒட்டவே மறந்துட்டீங்களா? படமெல்லாம் மறையுதே."

"மறையட்டும் சார். அந்தப் படத்துல இருக்கிற காய் எதுவும் கோப்பைக்குள்ள இல்ல."

"அக்கா, கம்பெனிக்காரன் வந்து பார்த்தான்னா என் தலைதான் உருளும்."

"பின்னாடி இருக்கிறதைப் பாக்காம எங்க வீட்டுல ஒருத்தரு கண்ணே போச்சு சார்." அவள் சத்தம் போடவில்லை. "உள்ள என்ன இருக்குன்னு அங்கதான் எழுதியிருக்கு. அதை நானே மூடி மூடிக் கொடுத்திருக்கேன். இனிமே இந்தக் கையால முடியாது."

அவர் தலையைச் சொறிந்தார். மேலே பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். மேலே என்ன பேசினார்களோ, மறுநாளிலிருந்து அவளுக்குத் தள்ளுவண்டிகளை அடுக்கும் வேலை. ஒட்டு வேலையைப் புதிய பெண் ஒருத்தியிடம் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் அதே மூன்று வரிப் பாடம்தான்.

ஒரு நாள் வாடிக்கையாளர் அம்மா ஒருவர், கையில் மஞ்சள் ஒட்டிய சூப் கோப்பையோடு அவளிடம் வந்தார். "எங்க மாமனாருக்கு பிரஷர். இதைக் கொடுக்கலாமா? கொழுப்பு இல்லன்னுதான் போட்டிருக்கு."

அவள் தள்ளுவண்டியை விட்டுவிட்டு, அந்தக் கோப்பையை வாங்கி ஒட்டைப் பிய்த்தாள். இப்போது கிழியாமல் பிய்க்கக் கற்றிருந்தாள். "அதுல என்ன இல்லன்னு மட்டும்தாங்க முன்னாடி போட்டிருப்பான். இருக்கிறதை இங்க பாருங்க. சோடியம்னு இருக்கே, அதுதான் உப்பு. வாசிச்சுட்டு, வேணும்னா வாங்குங்க."

அந்த அம்மா வாசித்தார். கோப்பையைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். தூரத்தில் நின்ற சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல நகர்ந்தார். அன்று மதியம் சரக்கறைக் குப்பைக்கூடையில் அவர் சாப்பிட்டுப் போட்ட கோப்பை கிடந்தது. அதன் பின்பக்க ஒட்டு பிய்த்து எடுக்கப்பட்டிருந்தது. கோப்பையில் பாதி நூடுல்ஸ் மீதியிருந்தது.

அவள் கணவருக்கு ஒரு கண்ணில் கொட்டை எழுத்து மட்டும் தெரிந்தது. இன்னொன்றில் வெளிச்சம் மட்டும். அச்சகத்தில் பிரிவு சொல்லி ஒரு பேனா கொடுத்தார்கள். சிவப்பு மை. அது மூடி திறக்காமல் மேசையில் கிடக்கிறது. சில மாதங்களில் சிறுநீரகமும் கைவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம், ஆஸ்பத்திரி இயந்திரம் அவர் ரத்தத்தைக் கழுவிக் கொடுக்கிறது. அந்த நாட்களில் அவள் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு மாலை, அவர் மேசையருகே உட்கார்ந்திருந்தபோது நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தகரம் மேசையில் வைக்கப்படும் சத்தம்.

"என்னம்மா அது?"

"உப்பு டப்பாங்க. இறக்கிட்டேன்."

"அடடே, தண்டனைக் காலம் முடிஞ்சுதா? பாவம், தப்பு செய்யாததைப் பிடிச்சு உள்ள போட்டுட்டோம்."

"கண்ணு முன்னாடி இருந்தா எவ்வளவு போடுறோம்னு கைக்குத் தெரியும்ங்க. டாக்டர் சொன்ன அளவைத் தாண்ட விடமாட்டேன். நம்மளைக் கெடுத்தது இந்த உப்பு இல்லையே. பேரை மாத்திக்கிட்டு வந்த உப்புதானே."

அவர் தலையாட்டினார். கையால் மேசையைத் தடவி, அவள் வாங்கி வந்திருந்த ஒரு பொட்டலத்தைத் தொட்டார். முன்பக்கத்தின் வழவழப்பை விரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு, அதைத் திருப்பி அவளிடம் நீட்டினார்.

"முன்பக்கம் அவன் சொல்ல ஆசைப்படுறது. பின்பக்கம் அவன் சொல்லியே ஆகவேண்டியது. வாயில போடுறதுக்கு முன்னாடி பின்பக்கத்தை வாசிச்சுடணும்மா. நான் ஊரு பூராவுக்கும் வாசிச்சேன், எனக்கு வாசிச்சுக்கல. இனிமே வாங்குறவங்க யாரா இருந்தாலும், நீ அதை மட்டும் சொல்லு. சத்தமா வாசி."

அவள் ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, பொடி எழுத்தை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, எந்த எழுத்தும் விட்டுப்போகாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.